லெஃபெவ்ர்: எழுத்தில் இருக்கும் ‘பி’ பேச்சில் எங்கே போனது?

கேட்கப்பட்ட கேள்வி இது: “பிரான்சின் லீல் நகரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு லெஃபெவ்ர் என்பது குடும்பப் பெயர். ஒருவர் பெயரில் பி (B), வி (V) இரண்டு எழுத்தும் சேர்ந்து வருகின்றன. இன்னொருவர் பெயரில் வி மட்டும்தான், நடுவில் வரும் ஈ-யின் (E) தலையில் ஒரு சாய்கோடு. ஆனால் கூப்பிடுவது ஒரே மாதிரி. இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது, ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது? இவர்கள் இருவரும் சொந்தக்காரர்களா?”

உங்கள் குழுவில் இரண்டு கொல்லர்கள் இருக்கிறார்கள். பெயரின் அர்த்தம் அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொல்லர் எப்படி அங்கே வந்து உட்கார்ந்தார், கூடவே அந்த ஊமை பி-யை ஏன் தூக்கிக்கொண்டு வந்தார் என்பதுதான் ருசியான கதை. சொந்தமா என்றால், இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நான் லீலுக்குப் பக்கத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே பன்னிரண்டு தபால் பெட்டிகள். அதில் இரண்டின் மேல் லெஃபெவ்ர், ஒன்றின் மேல் டெஸ்மெட் என்று ஒட்டியிருக்கிறது. டெஸ்மெட் பெல்ஜியம் பக்கத்து ஃபிளெமிஷ் மொழிப் பெயர், அதற்கும் கொல்லர் என்றுதான் பொருள். ஆக, பன்னிரண்டு வீட்டில் மூன்று வீடு கொல்லர் வீடு. இந்தப் பெயர்களின் மீது எனக்குப் பித்துப் பிடித்தது அந்தத் தபால் பெட்டிகளைப் பார்த்துத்தான்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஃபாபெர்’ என்றால் லத்தீனில் கைவினைஞர், உருவாக்குகிறவர். முதலில் அது இரும்புக்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை. மரவேலை செய்பவரும் ஃபாபெர்தான், வெண்கல வேலைக்காரரும் ஃபாபெர்தான். லத்தீன் விவிலியத்தில் இயேசுவை ‘தச்சன் மகன்’ என்று ஊரார் சொல்லும் இடத்தில் வருவதும் இதே ஃபாபெர். பிரான்சாகப் பின்னால் மாறிய நிலத்தில் இந்தச் சொல்லின் பொருள் குறுகிக் குறுகி, உலைக்களத்தில் இரும்பு அடிப்பவரில் வந்து நின்றது. ஒலியும் மாறியது. ரகரத்துக்கு முன்னால் இருந்த பி நெகிழ்ந்து வி ஆனது. இப்படிப் பழைய பிரெஞ்சில் ‘ஃபெவ்ர்’ என்ற சொல் பிறந்தது. முன்னால் ‘லெ’ என்ற சுட்டு சேர்ந்தால் லெஃபெவ்ர். ‘நம்ம ஊர்க் கொல்லர்’ என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்தத் தொனி.

ஃபெவ்ர் என்ற சொல் இன்றைய பிரெஞ்சில் தனியாகப் புழங்குவதில்லை. கொல்லருக்கு இப்போது ‘ஃபொர்ழ்ரோன்’ என்கிறார்கள். அதன் அடியில் இருக்கும் ‘ஃபொர்ழ்’, அதாவது உலைக்களம், அதுவும் அதே ஃபாபெரிலிருந்து பிறந்த ‘ஃபாப்ரிக்கா’தான். பழைய சொல் போனாலும் வேர் போகவில்லை. இன்னொரு இடத்திலும் அது உயிரோடு இருக்கிறது: பொற்கொல்லருக்குப் பிரெஞ்சில் ‘ஓர்ஃபெவ்ர்’. பாரிசில் போலீஸ் தலைமையகம் நெடுங்காலம் இருந்ததால் பேர் பெற்ற ‘கே தேஸ் ஓர்ஃபெவ்ர்’ கரைக்கு அர்த்தம் பொற்கொல்லர் கரை.

சரி, அந்த பி-க்கு வருவோம்.

பேச்சில் பி போய்ப் பல நூறு வருடம் ஆன பிறகுதான் எழுத்தில் அது திரும்பி வந்தது. அதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள், இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். ஒன்று, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு எழுத்தர்களுக்கும் அச்சுக்காரர்களுக்கும் லத்தீன் மேல் இருந்த பக்தி. ஒரு சொல்லின் லத்தீன் மூலம் தெரிந்துவிட்டால், அந்த எழுத்தை உச்சரிக்காவிட்டாலும் உள்ளே செருகிவிடுவார்கள். நேரம் என்று பொருள்படும் ‘தோன்’ என்ற சொல்லில் ஒரு ஊமை பி (ஆங்கிலத்தில் நாம் படிக்கும் வரிசையில் ஓ-வுக்கு அடுத்த பி) இருக்கிறதே, விரல் என்ற சொல்லில் ஒரு ஊமை ஜி இருக்கிறதே, அவையெல்லாம் லத்தீனின் நினைவாகக் காப்பாற்றப்பட்டவை. பிப்ரவரி மாதத்தின் பெயரைக்கூட அப்போது பி-யும் வி-யும் சேர்த்துத்தான் எழுதினார்கள். பிறகு மொழியைத் திருத்தியவர்கள் பொதுச் சொற்களிலிருந்து பல ஊமை எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். குடும்பப் பெயரில் யாரும் கை வைக்கவில்லை.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. அந்தக் காலத்தில் யூ, வி இரண்டும் தனித்தனி எழுத்து இல்லை. ஒரே எழுத்துதான், இடத்தைப் பார்த்து உயிராகவோ மெய்யாகவோ வாசித்துக்கொள்ள வேண்டும். நம் ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும், படிப்பவர்தான் பொருள் பார்த்துப் பிரிக்க வேண்டும். அதே சிக்கல். ஃபெவ்ர் என்று எழுதியிருப்பதை ஒருவர் ‘ஃபோர்’ என்பது போல வாசித்துவிடலாம். நடுவில் ஒரு பி-யைப் போட்டால், அடுத்து வருவது மெய்யெழுத்து என்று கண் புரிந்துகொள்ளும். அதாவது பி அங்கே ஒலிப்பதற்காக நிற்கவில்லை, பக்கத்து எழுத்துக்கு வழிகாட்டியாக நிற்கிறது.

வழிகாட்டியே சிலரைத் தடுமாற வைத்ததும் நடந்தது. சில ஊர்களில் பி-யையும் வாசித்து, அடுத்த எழுத்தை யூ என்றும் வாசித்துவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் லெஃபேபியூர் என்ற குடும்பப் பெயர். முழுக்க முழுக்க ஒரு வாசிப்புப் பிழையிலிருந்து பிறந்த பெயர், இன்றைக்கும் பல குடும்பங்கள் அதை வைத்திருக்கின்றன. பிரெஞ்சு அகாதெமியின் அகராதி யூ-வையும் வி-யையும் தனி எழுத்துகளாகப் பிரித்து வைத்தது 1762 பதிப்பில்தான். அதற்குள் பெயர்கள் பிரிந்து போயிருந்தன.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் கட்டடத்துப் பாட்டி ஒருவருக்கு அவர் குடும்ப மரத்தைத் தேட உதவினேன். இந்த மாவட்ட ஆவணக் காப்பகம் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் ஒரு ஞானஸ்நானப் பதிவு. பாதிரியார் தன் கையால் குழந்தையின் பெயரைச் சாய்வான எழுத்தில் எழுதியிருக்கிறார், அதில் பி இல்லை. கீழே அப்பா கையெழுத்து. தடித்த, தயங்கித் தயங்கி எழுதிய எழுத்து, அதில் பி இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அடுத்த குழந்தை, வேறு பாதிரியார். இப்போது அவரும் பி போட்டிருக்கிறார், ஆனால் அடுத்த எழுத்து யூ-வா வி-யா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. ஒரே வீடு, ஒரே அப்பா, மூன்று எழுத்துக்கூட்டல். பாட்டி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், விரலால் அந்தக் கையெழுத்தை ஒருமுறை தடவினார்.

ஆக உங்கள் இரண்டு சக ஊழியர்களின் எழுத்துக்கூட்டல் வேறாக இருப்பதை வைத்துச் சொந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றாக இருந்தாலும் சொந்தம் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் இது ஒரு மூதாதையரிடமிருந்து கிளைத்த பெயர் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக முளைத்த பெயர்.

ஏன் இத்தனை பேருக்கு என்று கேட்டீர்கள். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் மக்கள்தொகை பெருகி, ஒரே ஊரில் பத்து ஜான், பத்து பியேர் என்று ஆனபோது, ஆளைப் பிரித்துச் சொல்ல ஒரு அடைமொழி தேவைப்பட்டது. ஊரில் எல்லோரும் உழவர் என்றால், ‘உழவர் பியேர்’ என்று சொல்லி என்ன பயன்? யாரையும் அடையாளம் காட்டாது. ஆனால் ஊருக்கு ஒரு கொல்லர்தான். கலப்பைக் கொழு, அரிவாள், குதிரை லாடம், கதவின் தாழ்ப்பாள் எல்லாம் அவரிடம்தான் போக வேண்டும். ‘கொல்லர் பியேர்’ என்றால் ஒரே ஆள், குழப்பமில்லை. ஊருக்கு ஒருவர், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஊர்கள். ஊரில் அரிதாக இருந்த காரணத்தாலேயே நாட்டில் பெருகிய பெயர் இது.

ஆனால் நாடு முழுக்க லெஃபெவ்ர் இல்லை. பி வைத்த லெஃபெவ்ரின் சொந்த மண் வடக்குதான்: நோர், பா-து-காலே, சோம், அப்புறம் நார்மண்டியின் சேன்-மரித்தீம். தொழில் பெயருக்கு முன்னால் ‘லெ’ போடும் பழக்கமே வடக்கிலும் வடமேற்கிலும்தான் பலமாக இருந்தது. பாரிசிலும் நிறையப் பேர் உண்டு, ஆனால் பாரிசில் எல்லாப் பெயரும் உண்டு.

தெற்கே போனால் அதே லத்தீன் கொல்லர் வேறு உடை போட்டுக்கொள்கிறார். அங்கே பேசப்பட்டது ஆக்சித்தான் மொழி. பி-யை அப்படியே வைத்துக்கொண்ட இடங்களில் ஃபாப்ர். பூச்சிகளின் வாழ்க்கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிய ழான் ஆன்ரி ஃபாப்ர் 1823-இல் பிறந்த சேன் லெயோன், அவெரோன் மாவட்டத்தில் இருக்கிறது. ஃபாப்ர் என்ற பெயருக்கு அதுதான் நடுவீடு. பி உகரமாகக் கரைந்த இடங்களில் ஃபோர். 1895 முதல் 1899 வரை பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்த ஃபெலிக்ஸ் ஃபோர் பெயர் அப்படிப்பட்டது. இசையமைப்பாளர் காப்ரியேல் ஃபோரே பெயரும் அதே குடும்பம்.

இன்னும் தென்மேற்கே, கஸ்கோன் பகுதியில், லத்தீனின் ஃப-கரம் ஹ-கரமாகிவிடும். அங்கே கொல்லர் ‘ஹௌரே’. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பால் கன்னடத்தில் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு ஆகிறதே, அதே மாதிரியான உறவு. உதட்டில் பிறக்கும் ஒலி இளகி மூச்சாகப் போவது மனிதர் வாய்க்கு எங்கும் எளிது போலிருக்கிறது.

கிழக்கே, ஃபிரான்ஷ்-கோந்தே பகுதியில் ஃபேவ்ர் என்று ஓர் ஐ சேர்த்து எழுதுவார்கள். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் சவோயிலும் சுவிட்சர்லாந்திலும் ஃபாவ்ர். இந்த ஃபாவ்ர்களில் ஒருவர் நமக்கு ஒரு வகையில் வேண்டியவர். சவோயில் 1506-இல் பிறந்த பியேர் ஃபாவ்ர், பாரிசில் சேன்த்-பார்ப் கல்லூரியில் படித்தபோது அவருடைய அறைத்தோழர் பிரான்சிஸ் சேவியர். பிறகு முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு 1542-இல் வந்து சேர்ந்த நம் சவேரியார்தான். 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ரில் இயேசு சபையின் முதல் தோழர்கள் வாக்குக் கொடுத்தபோது, திருப்பலி நிறைவேற்றியவர் ஃபாவ்ர். அந்தக் கூட்டத்தில் அன்றைக்குக் குருப்பட்டம் பெற்றிருந்தவர் அவர் ஒருவர்தான். 2013-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். ஆங்கில வழியாக நம் ஊர்ப் புத்தகங்களில் அவர் பீட்டர் ஃபேபர் என்று வருவார். லத்தீனில் எழுதும்போது பெயரை மூலத்துக்கே கொண்டுபோய்விடுவார்கள், ஃபாவ்ர் ஃபாபெர் ஆகிவிடும். விவிலியத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த ழாக் லெஃபெவ்ர் தேதாப்லும் அப்படித்தான். எங்கள் கடற்கரை ஊரான எதாப்லில் பிறந்தவர், லத்தீன் நூல்களில் தன்னை ஃபாபெர் ஸ்டாபுலென்சிஸ் என்று போட்டுக்கொண்டார். ஃபெவ்ருக்கும் ஃபாபெருக்கும் உள்ள உறவு அந்தக் காலப் படிப்பாளிகளுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லத்தீன் வேரே இல்லாத கொல்லர்களும் பிரான்சில் உண்டு. பிரெத்தாஞில் கெல்ட் மொழிப் பெயரான லெ கோஃப். அல்சாஸில் ஷ்மிட். ஃபிளெமிஷ் எல்லையில் நான் சொன்ன டெஸ்மெட், ஸ்மெட். பாடகர் ஜானி ஆலிடே-யின் பதிவுப் பெயர் ழான்-ஃபிலிப் ஸ்மெட், அப்பா பெல்ஜியக்காரர். பிரான்சின் ராக் இசைக்கு முகமாக இருந்தவரும் ஒரு கொல்லர்தான்! வரைபடத்தில் கொல்லர் பெயர்களை மட்டும் குறித்து வைத்தாலே, ஒரு காலத்தில் எந்தப் பகுதியில் எந்த மொழி பேசினார்கள் என்பது தெரிந்துவிடும். பிரான்ஸ் என்றால் ஒரே மொழி என்று இங்கே பள்ளிக்கூடத்திலிருந்தே பதிய வைக்கிறார்கள். இந்தத் தபால் பெட்டிகள் அப்படிச் சொல்லவில்லை.

எண்ணிக்கை விஷயம். தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே, 1891 முதல் 1990 வரை பிரான்சில் பிறந்தவர்களின் குடும்பப் பெயர்களைத் தொகுத்திருக்கிறது. அதில் முதலிடம் மார்த்தேன், அடுத்து பெர்னார். பி வைத்த லெஃபெவ்ர் முதல் இருபதுக்குள் வந்துவிடுகிறது. பி இல்லாத லெஃபெவ்ரும் ஃபோரும் தனித்தனியாகவே முன்வரிசைப் பெயர்கள். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியல் கொல்லருக்கு அநியாயம் செய்கிறது. மார்த்தேன் நாடு முழுக்க ஒரே எழுத்துக்கூட்டலில் இருப்பதால் மொத்தமாக எண்ணப்படுகிறது. கொல்லர் பத்து எழுத்துக்கூட்டலில் சிதறிக் கிடப்பதால் பத்து துண்டாக எண்ணப்படுகிறார்.

எழுத்துக்கூட்டல் உறைந்து போனது சட்டத்தால். 1539-இல் முதலாம் ஃபிரான்சுவா அரசரின் வில்லேர்-கோத்ரே ஆணை ஞானஸ்நானப் பதிவை எழுதி வைக்கச் சொன்னது. 1792-இல் புரட்சி அரசு பதிவேட்டைத் தேவாலயத்திடமிருந்து நகராட்சிக்கு மாற்றியது. 1794-இல், பிறப்புப் பதிவில் இருக்கும் பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது. அன்றைக்கு எழுத்தர் பி போட்டாரா, போடவில்லையா என்பது அப்படியே பரம்பரைக்கும் நின்றுவிட்டது. குடும்பப் பெயர் என்ற இந்த ஏற்பாடு நம் மக்களையும் தொட்டது. புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு முன்னோடியாக நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த், ‘கதவு’.

கடல் கடந்து போனவர்களிடம் பெயர் இன்னும் விளையாடியது. கியூபெக்கில் ஒரே பெயரில் பலர் இருந்ததால் ‘என்கிற’ என்று இன்னொரு பெயரை ஒட்டிக்கொள்வார்கள். அங்கே ‘லெஃபெவ்ர் என்கிற பூலான்ஜே’ என்ற குடும்பம் உண்டு. பூலான்ஜே என்றால் ரொட்டி சுடுபவர். கொல்லர் என்கிற ரொட்டிக்காரர்! அமெரிக்காவுக்குப் போன சிலரின் பெயர் லஃபேவ் ஆனது, லெஃபீவர் ஆனது. சிலர் அதை ‘லா ஃபெவ்’ என்று காதில் வாங்கி, ஃபெவ் என்றால் அவரைக்கொட்டை என்பதால் பீன் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தே வைத்துவிட்டார்கள். இங்கேயும் சிலர் லெஃபெவ்ருக்கு அவரை என்றோ காய்ச்சல் என்றோ பொருள் சொல்வார்கள். இரண்டும் தவறு. ஒலி ஒற்றுமை மட்டும்தான்.

பேர் பெற்ற லெஃபெவ்ர்கள் நிறைய. பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை எழுதிய ஜோர்ஜ் லெஃபெவ்ர் 1874-இல் உங்கள் லீலிலேயே பிறந்தவர். வத்திக்கானோடு முரண்பட்டு 1988-இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்ட பேராயர் மார்செல் லெஃபெவ்ர் பக்கத்து ஊர் தூர்குவேன்காரர். ‘நகரத்தின் மீதான உரிமை’ என்ற சிந்தனையைத் தந்த ஆன்ரி லெஃபெவ்ர் மட்டும் தென்மேற்கே லான்து மாவட்டத்தில் பிறந்தவர். நெப்போலியனின் தளபதி ஃபிரான்சுவா ழோசெஃப் லெஃபெவ்ர் அல்சாஸின் ரூஃபாக் ஊர்க்காரர், மனைவி துணி வெளுக்கும் தொழில் செய்தவர். அந்தத் தளபதியின் பதவிப் பெயர் ‘மரேஷால்’. அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் குதிரை பார்ப்பவர், லாடம் அடிப்பவருக்கும் அதே சொல்தான் இன்றும் வழங்குகிறது. மரேஷால் லெஃபெவ்ர் என்று அவரைக் கூப்பிடும்போது லாடக்காரரும் கொல்லரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

நீங்கள் இங்கே வந்ததிலிருந்து தினமும் பார்க்கும் லெஃபெவ்ர் ஒருவரும் உண்டு. கடையில் எல்.யு. என்று சிவப்பாகப் போட்ட பிஸ்கட் பாக்கெட் இருக்கிறதல்லவா? நான்த் நகரத்தில் ழான்-ரொமேன் லெஃபெவ்ரும் அவர் மனைவி பொலீன்-இசபெல் யுத்தீலும் தொடங்கிய கடை அது. இருவர் குடும்பப் பெயரின் முதலெழுத்துதான் எல்.யு. ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும் அந்தப் பெத்தி-பேர் பிஸ்கட்டை 1886-இல் செய்தவர் அவர்கள் மகன் லூயி. அவர்களுடையது பி இல்லாத லெஃபெவ்ர்.

இனி அலுவலக விஷயம். கூப்பிடும்போது இருவரையும் ‘லெஃபெவ்ர்’ என்றே கூப்பிடுங்கள், கடைசி ரகரத்தைத் தொண்டையில் லேசாக விட்டுவிடுங்கள், அதற்குப் பின் உயிரொலி வேண்டாம். மின்னஞ்சலில் எழுதும்போது மட்டும் யாருடையதில் பி என்று பார்த்து எழுதுங்கள். இந்தப் பெயர்க்காரர்கள் தொலைபேசியில் பெயரைச் சொன்ன கையோடு “பி, வி, ஆர், ஈ” என்று எழுத்தையும் சேர்த்துச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லியே பழகியவர்கள், நீங்கள் சரியாக எழுதினால் கவனிப்பார்கள். பி-யும் யூ-வும் சேர்ந்த லெஃபேபியூர் யாராவது வந்து சேர்ந்தால் அவரை மட்டும் எழுத்தில் இருக்கிறபடியே, பி-யை நன்றாக ஒலித்துக் கூப்பிடுங்கள்.